ஈகையும் ஒப்புரவும்

திருக்குறளின் இல்லறவியலில் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். அதனை அடுத்து வரும் 23ஆம் அதிகாரம் ஈகை. இரண்டும் கொடுத்தலைப் பற்றியவைதாமே, வள்ளுவப் பெருந்தகை இவற்றை ஏன் ஒன்றாகச் சேர்த்துப் பாடவில்லை என்ற ஐயம் பள்ளி நாளிலேயே எனக்கு எழுந்ததுண்டு. வறியவர்க்குக் கொடுப்பது ஈகை, ஊரோடு ஒத்து வாழ்வது ஒப்புரவு என்று தமிழாசிரியர் விளக்கினார். தேர்வுக்கு அவ்விளக்கம் போதுமானதாக இருந்தது, வாழ்க்கைக்குப் போதவில்லை. இரண்டிற்கும் இடையே எத்துணைப் பெரிய வேறுபாடு உண்டு என்பதை நான் உணர்ந்தது தலைநகருக்கு வந்து பல ஆண்டுகள் கழித்து, ஒரு கோடையில், ஒரு தண்ணீர்த் தகராற்றின்போதுதான்.

அப்போது நாங்கள் தில்லியில் ஒரு குடியிருப்பில் கீழ்த்தளத்தில் வாழ்ந்து வந்தோம். ஒரு படிக்கட்டுக்கு ஆறு குடும்பங்கள். குழாயில் காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் தண்ணீர் வரும். அவ்வாண்டு கோடை கடுமையாக இருந்தது. கீழ்த்தளத்தில் ஒருவர் தம் குழாயில் நேரடியாக ஒரு மோட்டாரை இணைத்தார். அதைக் கண்டு எதிர்வீட்டாரும் இணைத்தனர். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நானும் ஒரு மோட்டாரை வாங்கிப் பொருத்தினேன். என் வீட்டில் வாளிகள் நிரம்பின. மேல்தளத்தில் குழாய் வறண்டது.

குடியிருப்போர் கூட்டம் கூட்டப்பட்டது. தண்ணீர் குறைந்துவிட்டது, ஆகவே எல்லோரும் சமமாகக் குறைத்துக்கொள்வோம் என்றார் ஒருவர். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. மேல்தளத்து நண்பர் எழுந்து, “குறைத்துக்கொள்ள என்னிடம் என்ன இருக்கிறது?” என்றார். கூட்டம் சற்று அமைதியாயிற்று. பின்னர் இளகிய மனம் படைத்த இன்னொருவர், நாள்தோறும் இரண்டு வாளி தண்ணீரைத் தம் வீட்டிலிருந்து மேலே அனுப்பிவைப்பதாகக் கூறினார். அவர் உண்மையான அன்போடுதான் அதைச் சொன்னார். ஆனால் நண்பரின் முகம் சிவந்தது. “நீங்கள் விரும்பும் வரை அந்த வாளி வரும், விரும்பாத நாளில் நிற்கும். நான் கேட்பது உங்கள் தண்ணீரை அன்று, என் தண்ணீரை” என்றார்.

அந்தச் சொல் கேட்டபோதுதான் 22ஆம் அதிகாரத்திற்கும் 23ஆம் அதிகாரத்திற்கும் நடுவே உள்ள கோடு என் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு வாளி ஈகை. பொதுக்குழாயில் அவரவர்க்குரிய பங்கு அவரவர்க்குச் சென்று சேரும்படி ஒழுங்கு செய்துகொள்வது ஒப்புரவு. ஈகையில் ஒரு கை மேலேயும் ஒரு கை கீழேயும் இருக்கும். ஒப்புரவில் கொடுப்பவர் என்றும் கொள்பவர் என்றும் இருவர் இல்லை; ஊர் என்ற ஒன்றே உண்டு. ஒப்புரவறிதலை விளக்க வந்த வள்ளுவர் மழையையும், ஊர் மக்கள் நீருண்ணும் குளத்தையும், ஊர் நடுவே பழுத்த மரத்தையும், மருந்தாகும் மரத்தையும் எடுத்துக்காட்டியதன் நுட்பம் இதுவே போலும். குளத்து நீரை முகந்து செல்பவள் யாரிடமும் கை ஏந்துவதில்லை.

உலகின் பெருமன்றங்களில் நாடுகள் கூடி, வருங்காலத் தலைமுறையையும் கெடுக்காத நீடித்த வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தக் கூட்டமே என் நினைவிற்கு வருகிறது. அங்கும் மோட்டார் பொருத்தியவர்கள் உண்டு. மேல்தளத்தில் இருப்பவர்கள் உண்டு. எல்லோரும் சமமாகக் குறைப்போம் என்ற குரலும், இரண்டு வாளி தருகிறோம் என்ற குரலும் அங்கும் ஒலிக்கின்றன. உலக ஒத்துழைப்பு என்பது ஈகையா, ஒப்புரவா என்பதே நான் இக்கட்டுரையில் எழுப்ப விரும்பும் வினா. பேச்சளவில் இது சொற்போராகத் தோன்றலாம். விடையைப் பொறுத்தே சில உடன்படிக்கைகள் வென்றன, சில தோற்றன என்பதை வரலாறு காட்டுகிறது.

ஸ்டாக்ஹோமில் எழுந்த குரல்

1972ஆம் ஆண்டு ஜூன் மாதம் சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில், மனிதச் சூழலைப் பற்றிய ஐக்கிய நாடுகள் மாநாடு முதன்முதலாகக் கூடியது. விருந்தளித்த நாட்டின் பிரதமர் ஓலோஃப் பால்மேயைத் தவிர அதில் நேரில் கலந்துகொண்ட ஒரே அரசுத் தலைவர் நம் பிரதமர் இந்திரா காந்தி ஆவார். ஆலைப் புகையையும் ஆற்று மாசையும் பற்றிச் செல்வ நாடுகள் கவலையோடு பேசிக்கொண்டிருந்த அவையில், வறுமையும் இல்லாமையுமே மாசுகளில் பெரியவை அல்லவா என்னும் பொருள்படும் வினாவை அவர் எழுப்பினார். காட்டை அண்டிப் பிழைப்பவனிடம் விறகு வெட்டாதே என்று சொல்வதற்கு முன், அவன் அடுப்பு எரிய வேறு வழி காட்ட வேண்டும் என்பதே அவ்வுரையின் உட்பொருள்.

அம்மாநாட்டின் பயனாக ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் தோன்றியது. அதன் தலைமையகம் நியூயார்க்கிலோ ஜெனீவாவிலோ அமையாமல், கென்யாவின் நைரோபியில் அமைந்தது. மேல்தளத்துக் குடும்பங்களும் கூட்டத்தில் உறுப்பினர்தாம் என்பதற்கு அது ஓர் அடையாளம். ஆனால் அடையாளம் வேறு, பங்கு வேறு. பங்கைப் பற்றிய உண்மையான பேரம் பிறகுதான் வந்தது. அதன் களம், நம் வீட்டுச் சமையலறையில் நிற்கும் குளிர்பதனப் பெட்டி.

ஒரு வாயுவின் கதை

தொடக்க காலக் குளிர்பதனப் பெட்டிகளில் அமோனியா, கந்தக டை ஆக்சைடு போன்ற நச்சு வாயுக்கள் பயன்பட்டன. அவை கசிந்து உயிர்ப்பலி கொண்டதும் உண்டு. 1928இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லியும் அவர்தம் துணைவர்களும் நச்சும் இல்லாத, தீயும் பற்றாத புதிய வாயுக்களை உருவாக்கினர். குளோரோ ஃபுளோரோ கார்பன் என்னும் அந்த வாயுக்களை வரமாகவே உலகம் வரவேற்றது. குளிர்பதனப் பெட்டியிலும், நறுமணத் தெளிப்பானிலும், மெத்தை நுரையிலும் அவை புகுந்தன. யாரும் தீய எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை.

எதனோடும் எளிதில் வினைபுரியாத தன்மையே அவ்வாயுக்களின் சிறப்பு. அச்சிறப்பே தீங்காக முடிந்தது. அழியாமல் மிதந்து மேலெழுந்து, வானின் உயர் அடுக்கை அடைந்து, அங்கே புற ஊதாக் கதிரால் சிதைந்து குளோரின் அணுக்களை அவை வெளிவிடும். அந்த அணு ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கும் என்று 1974இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்னும் இரு அறிவியலார் எழுதினர். அப்போது பலர் நம்பவில்லை. 1985இல் அண்டார்டிகாவின் வானில் வசந்த காலந்தோறும் ஓசோன் பெருமளவு குறைந்து வருவதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அளந்து அறிவித்தனர். ஓசோன் மெலிந்தால் தோல் புற்றுநோயும் கண்புரையும் பெருகும், பயிரும் பாதிப்புறும். குளிர்பதனப் பெட்டியைக் கண்ணால் கண்டிராதவன் வயலிலும் அக்கதிர் விழும்.

1987 செப்டம்பர் 16ஆம் நாள் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அவ்வாயுக்களை நாடுகள் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு கூடுதல் தவணை உண்டு. இருந்தும் இந்தியாவும் சீனமும் அதில் சேரவில்லை. அன்றைய நிலையில் அவ்வாயுக்களின் பெரும்பகுதியைப் பயன்படுத்தியவை செல்வ நாடுகளே. நம் நாட்டிலோ குளிர்பதனப் பெட்டி என்பது சில வீடுகளின் பெருமை. மாற்று வாயுவின் தொழில்நுட்பமும் காப்புரிமையும் அதே செல்வ நாடுகளின் நிறுவனங்களிடம் இருந்தன. பழைய வாயுவை விற்றுப் பொருள் ஈட்டியவரிடமே புதிய வாயுவையும் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பது எவ்வகை நீதி என்று நம்மவர் கேட்டனர். என் மேல்தளத்து நண்பர் கேட்டதும் இதைத்தான்.

1990 ஜூன் மாதம் இலண்டனில் நாடுகள் மீண்டும் கூடின. இந்தியக் குழுவிற்கு அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி தலைமை தாங்கினார். நீண்ட வாதத்திற்குப் பின்னர் ஒரு பொது நிதியம் அமைக்க முடிவாயிற்று. முதல் மூன்றாண்டுகளுக்கு 16 கோடி டாலர். இந்தியா, சீனம் ஆகிய இரு பெருநாடுகளும் சேர்ந்தால் 24 கோடி வரை உயரலாம் என்பது ஏற்பாடு. மாற்றத்திற்கு ஆகும் கூடுதல் செலவை அந்நிதியம் ஏற்கும். இந்தியா 1992இல் உடன்படிக்கையில் இணைந்தது.

தொகையினும் முக்கியமானது அந்நிதியத்தை ஆளும் முறை. அதன் செயற்குழுவில் 14 நாடுகள். ஏழு வளர்ந்தவை, ஏழு வளரும் நாடுகள். வாக்கெடுப்பு வந்தால் இரு தரப்பிலும் பெரும்பான்மை கிட்டாமல் எதுவும் நிறைவேறாது. கொடுத்தவன் கையிலேயே சாவி இருக்கும் பெட்டி அன்று அது. கொடுப்பதை நாளை நிறுத்திவிடுவானோ என்று வாங்குபவன் அஞ்சிக்கிடக்கும் நிலையும் இல்லை. அதனை வள்ளுவர் கண்டிருந்தால் ஈகையில் சேர்த்திருக்க மாட்டார், ஒப்புரவில்தான் சேர்த்திருப்பார்.

பயன் என்ன? 2008 ஆகஸ்டில் இந்தியா அவ்வாயுக்களின் உற்பத்தியை நிறுத்தியது. ஆஸ்துமா நோயாளிகளின் மூச்சிழுப்பு மருந்திற்கு மட்டும் சிறிது காலம் விலக்கு இருந்தது. 2009இல் ஐக்கிய நாடுகளின் எல்லா உறுப்பு நாடுகளும் உடன்படிக்கையில் இணைந்துவிட்டன. இப்போதைய நெறிகள் நீடித்தால், உலகின் பெரும்பகுதியில் ஓசோன் அடுக்கு 2040 அளவிலும், அண்டார்டிகாவின் மேலே 2066 அளவிலும் 1980ஆம் ஆண்டின் நிலையை அடையும் என்று 2023இல் வெளியான ஐக்கிய நாடுகளின் ஆய்வு கூறியது. கிழிந்த வானத்தை மனிதர் கூடித் தைத்த கதை இது ஒன்றுதான்.

தந்தை பட்ட கடன்

இவ்வெற்றியைக் கண்டு, புவி வெப்பமடைவதையும் இவ்வாறே தீர்த்துவிடலாம் என்று எண்ணினோம். அது அவ்வளவு எளிதன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓசோனைக் கெடுத்த வாயுக்களைச் செய்தவை சில ஆலைகளே; அவற்றுக்கு மாற்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கரியமில வாயுவோ அடுப்பிலிருந்தும், உலையிலிருந்தும், ஊர்தியிலிருந்தும், மின் நிலையத்திலிருந்தும் எழுவது. வாழ்க்கை முழுவதையும் தொடுவது. ஆயினும் தடுமாற்றத்திற்கு அது மட்டுமே காரணம் அன்று. இங்கே செல்வ நாடுகள் ஒப்புரவின் மொழியை விட்டு ஈகையின் மொழிக்குத் திரும்பிவிட்டன என்பதும் ஒரு காரணம்.

தம் நாட்டு வருவாயில் நூற்றுக்கு 0.7 பங்கை வளரும் நாடுகளின் மேம்பாட்டிற்கு அளிப்பது என்ற இலக்கை 1970இலேயே ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை வகுத்தது. அரை நூற்றாண்டு கடந்தும் அதை எட்டியவை சுவீடன், நார்வே, டென்மார்க் போன்ற விரல்விட்டு எண்ணத்தக்க நாடுகளே. 2009இல் கோபன்ஹேகனில், 2020ஆம் ஆண்டிற்குள் ஆண்டுதோறும் 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக வாக்களித்தனர். அந்த எல்லையை முதன்முதலாகத் தொட்டது 2022இல். அதிலும் அரசுகள் வழியாகச் சென்ற பணத்தின் பெரும்பகுதி கடன். தண்ணீரை எடுத்தவன் வாளியைக் கடனாகத் தருவதற்கு ஒப்பானது இது. ஈகைக்கு நாள் குறிப்பிட முடியாது. மனம் வந்தபோதுதான் வரும்.

மறுபக்கத்து வாதத்தையும் நேர்மையோடு கேட்க வேண்டும். நிலக்கரியை எரித்தவர்கள் எங்கள் பாட்டனார். அது தீங்கு என்று அவர்கள் அறியார். அறியாமல் செய்த பிழைக்குப் பேரன் தண்டம் கட்டுவதா என்று அவர்கள் கேட்கிறார்கள். இவ்வினாவை எளிதில் தள்ளிவிட முடியாது. பாட்டன் செய்த கொலைக்குப் பேரனைத் தூக்கிலிடும் நீதி உலகில் இல்லை. ஆனால் குற்றம் வேறு, கடன் வேறு. தந்தையின் நிலத்தையும் வீட்டையும் ஏற்றுக்கொண்ட மகன், அந்நிலத்தின்மேல் உள்ள கடன் பத்திரத்தை மட்டும் கிழித்தெறிய முடியுமா? நிலக்கரியால் எழுந்த சாலையும் ஆலையும் பல்கலைக்கழகமும் இன்றும் அவர்களுக்கு வாழ்வளிக்கின்றன. அதே நிலக்கரியின் வாயுவும் இன்றும் வானில் நிற்கிறது. ஒன்று மரபுரிமையானால் மற்றதும் மரபுரிமையே. மேலும், அறியாமை என்ற சாக்கிற்கு ஓர் எல்லை உண்டு. 1992இல் ரியோ டி ஜெனீரோவில், பொறுப்பு அனைவர்க்கும் பொது, ஆயினும் அளவு வேறு வேறு என்று எழுதிக் கையொப்பமிட்ட பின்னர், அறியாமல் எரித்தோம் என்று எவரும் சொல்ல இயலாது.

நம் பக்கம் திரும்பும் கேள்வி

இதுவரை நான் எழுதியதைப் படித்து நம்மவர் தலையசைப்பர். நம் கட்சி நியாயமானது. அதில் எனக்கு ஐயம் இல்லை. அமெரிக்கர் ஒருவர் ஆண்டொன்றுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயுவை வெளியிட, இந்தியர் ஒருவரின் பங்கு சுமார் 2 டன் மட்டுமே. ஆனால் நியாயம் என்பது ஒரு பக்கம் மட்டும் வெட்டும் கத்தி அன்று.

1991இல் தில்லியிலிருந்தே அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறு நூலை வெளியிட்டனர். ஏழை உழவன் நெல் விளைவிக்கும்போது எழும் வாயுவையும், செல்வன் உல்லாசமாக ஊர்தி ஓட்டும்போது எழும் வாயுவையும் ஒரே தராசில் வைக்கலாகாது. முன்னது உயிர் வாழ்வதற்கு, பின்னது சுகத்திற்கு என்று அவர்கள் வாதிட்டனர். உலக அரங்கில் நம் நாட்டின் வாதத்திற்கு அது வலிமை சேர்த்தது. அந்தத் தராசை நம் நாட்டிற்குள்ளேயே வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? 2 டன் என்பது சராசரி. அறைக்கு ஒரு குளிர்சாதனமும் வீட்டிற்கு இரண்டு கார்களும் உடைய குடும்பத்தின் வாயுவையும், மின்விசிறியும் இல்லாத குடிசையின் வாயுவையும் கூட்டி வகுத்ததால் கிடைத்த எண் அது. உலகின் முன்னே நாம் நிற்கும்போது அக்குடிசையின் வறுமையே நமக்குக் கேடயம். வீடு திரும்பியதும் அக்கேடயத்தைக் கொல்லையில் சாய்த்துவிடுகிறோம்.

இனி என் குடியிருப்பின் கதையை முடிக்க வேண்டும். மோட்டார் வைத்திருந்த நாங்கள் கூடுதலாகவும், மேல்தளத்தார் குறைவாகவும் பணம் போட்டு, கீழே ஒரு பொதுத் தொட்டியும் ஒரு பொது மோட்டாரும் அமைத்தோம். மேல்தளத்து நண்பர் தாமும் பணம் கொடுத்தே தீருவேன் என்று நின்றார். ஆறு வீடுகளுக்கும் சமமாகத் தண்ணீர் ஏறியது. ஒப்புரவு வென்றது என்று மகிழ்ந்தோம்.

ஒரு மாதம் கழிந்தது. எங்கள் வீடுகளில் பாத்திரம் துலக்க வந்த பெண்மணி நாள்தோறும் தாமதமாக வரலானாள். காரணம் கேட்டேன். எங்கள் குடியிருப்பின் பின்னே குடிசைகளுக்கென்று ஒரே ஒரு தெருக்குழாய் இருந்தது. எங்கள் பொது மோட்டார் ஓடத் தொடங்கியதிலிருந்து அக்குழாயில் தண்ணீர் நூலாக இறங்குகிறதாம். ஒரு குடம் நிரம்ப நெடுநேரம் ஆகிறதாம். எங்கள் நியாயம் முழுவதும் ஆறு வீட்டுக் கணக்கில் அமைந்தது. அந்தக் கணக்கில் அவர்கள் எண்ணப்படவே இல்லை.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். அவர்கள் நம் படிக்கட்டில் உள்ளவர் அல்லரே, அது நகராட்சியின் பொறுப்பு என்று முதலில் கூறியவர் மேல்தளத்து நண்பர்தான். அவரைக் குறைகூற எனக்குத் தகுதி இல்லை. ஊமையாக இருந்தவர்களுள் நானும் ஒருவன். மறுவாரம் அவரே என் வீட்டிற்கு வந்தார். தேநீரைக் குடிக்காமல் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, “குடங்கள் நிரம்பிய பிறகு நம் மோட்டாரைப் போட்டால் என்ன?” என்றார். அப்படியே செய்தோம். எங்களுக்குத் தண்ணீர் நேரம் அரை மணி குறைந்தது. குழாயடியின் குறை முழுவதும் தீர்ந்துவிடவில்லை. அதைப் பெரிய அறம் என்று பறைசாற்ற நாக் கூசுகிறது. ஆயினும் அது ஈகை அன்று என்பது மட்டும் எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

பிற மண்ணில் வாழவந்த நமக்கு இந்தப் பாடம் இன்னும் நெருங்கியது. தலைநகரில் நம் குழாயில் வருவது யமுனையின் நீர், கங்கையின் நீர். வேறு மாநிலங்களின் வயல்களைக் கடந்து வந்த நீர். கணியன் பூங்குன்றனாரின் புகழ்பெற்ற அடியை நம் மேடைகள்தோறும் முழங்குகிறோம். எல்லா ஊரும் நம் ஊர் என்றால், எல்லா ஊர்க் குழாயடியும் நம் கணக்கில் சேர வேண்டும். உலக நாடுகளிடம் நாம் பங்கு கேட்பது முறையே. உரத்த குரலில் கேட்போம். கேட்டுவிட்டு வீடு திரும்பும்போது, பின்புறத்துக் குழாயில் குடம் நிரம்பிவிட்டதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு மோட்டாரைப் போடுவோம்.